சீகைக்காட்டை என்ன செய்வது? வனத்திட்டத்தில் பல அளவுகோல்களை எடைபோடும் முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலையூரான வட்டவடையில் ஒரு கூட்டம் போட்டு, "மேட்டில் நிற்கும் சீகையும் கிராண்டிஸும் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சீகை என்பது வாட்டில் மரம், கிராண்டிஸ் ஒரு வகை யூகலிப்டஸ், இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. போகட்டும் என்றே பலரும் சொல்வார்கள். "சரி, எப்படி?" என்று அடுத்த கேள்வியைப் போட்டதும் கூட்டம் நான்காக உடையும். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவருக்கு மார்ச் மாதத்தில் ஓடையில் தண்ணீர் வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு வருடா வருடம் வேலை வேண்டும். குடி எனப்படும் பழங்குடி ஊரிலிருந்து வந்திருக்கும் முதுவர் பெரியவருக்குப் பழைய புல்மேடு திரும்ப வேண்டும். வனத்துறையில் காவல் வாச்சராக இருப்பவரோ, வெட்டிய கிளைகள் காய்ந்து கிடந்தால் பிப்ரவரியில் தீயை யார் அணைப்பது என்று கேட்பார்.

நால்வர் சொல்வதும் நியாயம். பிறகு என்ன நடக்கும்? குரல் பெரிதாக உள்ளவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அல்லது மேலிடத்திலிருந்து ஏற்கெனவே முடிவான கோப்பு ஒன்று வந்து, நமது கையெழுத்துக்காகக் காத்திருக்கும். இந்த இரண்டுக்கும் மாற்றாகத்தான் பல அளவுகோல் முடிவு முறைகள் வந்தன. ஒவ்வொருவர் கவலையையும் ஓர் அளவுகோலாக எழுதி, ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு அளவுகோலில் எவ்வளவு தேறுகிறது என்று அளந்து, எந்தக் கவலைக்கு எவ்வளவு எடை என்று வெளிப்படையாகச் சொல்லி, பிறகு கூட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான் தத்துவம். சிக்கலெல்லாம் கைவேலையில் இருக்கிறது.

இவற்றில் அதிகம் புழங்குவது தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை. ஏ.எச்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பிரான்சில் பெர்னார் ராய் அதற்கும் முன்பே, 1960களில், எலெக்ட்ர் என்ற வேறு வழியைத் தொடங்கினார். 1981இல் ஹுவாங், யூன் இருவரும் டாப்சிஸ் முறையைத் தந்தார்கள். பின்லாந்தில் அரசுக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் மெட்சாஹாலிட்டுஸ் 1990களில் மக்களையும் சேர்த்துத் திட்டமிடத் தொடங்கியது. யூர்க்கி காங்காஸ் போன்ற ஆய்வாளர்கள் ஏ.எச்.பி.யை வனத்திட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதே காலம்தான். நமக்கு இதில் உள்ள செய்தி ஒன்றே: காட்டுக்கு இது புதிய சோதனை இல்லை.

கீழே வரும் கணக்குகளுக்கு, வட்டவடைக்கு மேலே 100 ஹெக்டேர் சரிவு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டேன். சீகையும் கிராண்டிஸும் கலந்து நிற்கின்றன, நடுவே ஓர் ஓடை. மதிப்பெண்கள் எல்லாம் பயிற்சிக்காக நானே வைத்தவை. உங்கள் ஊருக்கு அவற்றை எடுத்துப் போகாதீர்கள். முறையை மட்டும் எடுத்துப் போங்கள்.

படி 1: முடிவு யார் கையில் என்று முதலில் எழுதுங்கள்

இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பின்னால் வருந்துவார்கள். நூறு பேர் மூன்று நாள் உட்கார்ந்து எடைபோட்டு வரும் விடை, மரம் வெட்டும் உத்தரவு ஆகிவிடாது. 1996 டிசம்பர் 12 அன்று கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டத்துக்கு உட்பட்டுத்தான் காட்டில் மரம் வெட்ட முடியும். ஒரு செயல்திட்டத்துக்குப் பொதுவாக 10 ஆண்டு ஆயுள். அதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2014இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட தேசிய விதித்தொகுப்பு இருக்கிறது. இடம் சரணாலயத்துக்குள் வந்தால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்தில் 2006இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயம் வட்டவடை, கொட்டாக்கம்பூர் இரண்டையும் தொடுகிறது. எனவே எந்த மேடு எந்தக் கோட்டுக்குள் என்று வரைபடத்தில் பார்த்த பிறகுதான் கூட்டத்துக்குத் தேதி வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமுதாய வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை கிடைத்த குடிகளில், ஊருக்கூட்டம் எனப்படும் குடிமக்கள் சபையின் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிப்படி கிராம சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் கேட்காத கூட்டத்திலும் இந்தக் கணக்கைப் பின்பற்றுங்கள் என்பேன். விறகு சுமப்பவர் இல்லாத இடத்தில் விறகைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆக, தாளின் தலைப்பில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: "இந்தக் கணக்கு இன்னாருக்குப் போகும் பரிந்துரை, அதை ஏற்கவோ மறுக்கவோ இன்னாருக்கு அதிகாரம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம்."

படி 2: யார் யார் உட்கார வேண்டும்

விவசாயிகள், கூலி வேலைக்காரர்கள், முதுவர் குடியினர், ஈ.டி.சி. எனப்படும் சூழல் மேம்பாட்டுக் குழு உறுப்பினர்கள், வனத்துறையின் களப் பணியாளர்கள், சுற்றுலா ஜீப் ஓட்டுபவர்கள். இவர்களை யாரும் மறப்பதில்லை. மறந்துவிடப்படுகிறவர்கள் மலைக்குக் கீழே இருக்கிறார்கள். வட்டவடை மேட்டுத் தண்ணீர் கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப் போல மேற்கே போவதில்லை. பாம்பாற்றுப் படுகையில் சேர்ந்து, கிழக்கே இறங்கி, அமராவதி அணைக்குப் போகிறது. அங்கிருந்து திருப்பூர், கரூர் பக்கத்து வயல்களுக்கு. 2007ஆம் ஆண்டின் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு கேரளத்துக்குத் தந்த 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுக்கு 3 டி.எம்.சி. என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதாவது நம் சீகைக்காடு ஒரு மாநில எல்லைப் பிரச்சினையும்கூட.

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கூட்டத்துக்கு அழைத்தால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அழைக்க முடியவில்லை என்றால், அவருடைய எடைகளை ஊகித்துத் தனி வரிசையில் வைத்தாவது பாருங்கள். அதனால் விடை எப்படித் திரும்புகிறது என்பதைப் படி 7இல் காட்டுகிறேன்.

படி 3: மாற்று வழிகளை எழுதுவது

நான்கு அல்லது ஐந்து போதும். ஒன்று கட்டாயம் "இப்போது நடப்பதே தொடரட்டும்" என்பதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒப்பிட்டால் எந்த வழியும் நல்லதாகத்தான் தெரியும். நம் சரிவுக்கு:

அ. தோட்டமாகவே வைத்து, சுழற்சி முறையில் வெட்டி விற்பது.
ஆ. ஒப்பந்ததாரரின் இயந்திரங்களைக் கொண்டு ஒரே பருவத்தில் முழுவதையும் அகற்றுவது.
இ. ஐந்து ஆண்டுகளில் பட்டை பட்டையாக ஊர் ஆட்களே அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர்ப் புல்லை நடுவது.
ஈ. வெட்டவும் வேண்டாம், நடவும் வேண்டாம், கைவைக்காமல் விட்டுவிடுவது.

ஈ வழி கேட்க அழகாக இருக்கும். "காடு தானே வரும்" என்பார்கள். சோலையில் மரம் விழுந்த இடத்துக்கு அது பொருந்தலாம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கொத்துக் கொத்தாக முளைக்கும். கிராண்டிஸை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். அதனால் அ வழியானாலும் ஆ வழியானாலும் "அதற்குப் பிறகு கன்று பிடுங்குவது யார், எத்தனை ஆண்டு?" என்ற வரி இல்லாத மாற்று வழியை ஏற்காதீர்கள். பழத்தோட்டம் என்ற ஊர்ப் பக்கத்தில் சீகை இருந்த இடத்தில் புல்வெளியை மீட்கும் வேலை உள்ளூர் ஈ.டி.சி.யோடு நடந்திருக்கிறது. அங்கே வேலை செய்தவர் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தால், கன்று பிடுங்குவது என்றால் என்ன என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வார்.

படி 4: அளவுகோல்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். எல்லோரும் சொன்னதைப் பலகையில் எழுதினால் இருபது வரும். அதை நான்கு, ஐந்தாகச் சுருக்க மூன்று சல்லடைகள் வைத்திருக்கிறேன்.

முதல் சல்லடை, ஒரே விஷயம் இரண்டு பெயரில் வருகிறதா என்பது. "ஓடையில் நீர்", "பூண்டு விளைச்சல்", "குடிநீர்" மூன்றையும் தனித்தனியே வைத்தால் தண்ணீருக்கு மூன்று வோட்டு கிடைத்துவிடும். தெரிந்தே இந்த வேலையைச் செய்பவர்களும் உண்டு. தங்களுக்குப் பிடித்த வழிக்குச் சாதகமான அளவுகோலை நாலாகப் பிளந்து, நாலு வரிசையில் உட்கார வைப்பார்கள். கூட்டத்தில் எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது சல்லடை: எல்லா வழிகளிலும் ஒரே அளவாக இருப்பதை எடுத்துவிடுவது. சாலை எந்த வழியிலும் மாறாது என்றால், சாலை எவ்வளவு முக்கியமானாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது, "எப்போது, எங்கே, எதை" என்று சொல்ல முடியாத அளவுகோலை உடைப்பது. "சுற்றுச்சூழல் நலம்" என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். அதை இப்படி எழுதுங்கள்: நீர் என்றால், மூன்றாம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓடையில் ஓடும் அளவு. புல்வெளி என்றால், பத்தாம் ஆண்டில் உள்ளூர்ப் புல் மூடியிருக்கும் பரப்பு. வேலை என்றால், பத்தாண்டில் பஞ்சாயத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆள்நாள். தீ என்றால், கோடையில் தரையில் காய்ந்து கிடக்கும் சருகும் கிளையும் எவ்வளவு என்பது.

செலவு எங்கே என்று கேட்பீர்கள். அதை வேண்டுமென்றே வெளியே வைத்திருக்கிறேன். செலவையும் ஓர் அளவுகோலாக உள்ளே போட்டால், "மலிவாக இருப்பதால்" ஒரு மோசமான வழி மேலே ஏறி உட்காரும். ஏன் ஏறியது என்று கூட்டத்துக்குத் தெரியாது. முதலில் பயனை மட்டும் எடைபோடுங்கள். பிறகு பயனை ஒரு பக்கமும் ரூபாயை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு வழியையும் ஒரு புள்ளியாகக் குறித்துப் பாருங்கள். இது என் விருப்பம். மாற்றிச் செய்பவர்களும் உண்டு.

கடைசியாக, எடைபோடவே கூடாத விஷயங்கள் என்று ஒரு தனிப் பட்டியல் வேண்டும். குடியின் சாமி இருக்கும் சோலை. குறிஞ்சி பூக்கும் மேடு, அதுவும் அடுத்த பெரும் பூப்பு 2030 என்னும்போது. செங்குத்தான சரிவில் மண் பெயர்வது. கூட்டல் கணக்கின் குணம், ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் ஈடுகட்டிக்கொள்வது. சாமி சோலைக்கு வேலைநாளால் ஈடு கட்ட முடியுமா? முடியாததையெல்லாம் எல்லைக்கோடாக எழுதி, அதை மீறும் வழியைக் கணக்குக்கு முன்பே திருத்துங்கள். எலெக்ட்ர் முறையில் இதற்கென்றே தடைவரம்பு உண்டு. நாம் அந்த ஒரு யோசனையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டால் போதும்.

படி 5: மதிப்பெண்

மதிப்பெண்ணையும் எடையையும் ஒரே நாளில், ஒரே ஆட்களிடம் கேட்காதீர்கள். மதிப்பெண் என்பது "என்ன நடக்கும்" என்ற கேள்வி. அதை அளந்தவரும் அனுபவப்பட்டவரும் சொல்லட்டும். எடை என்பது "எது வேண்டும்" என்ற கேள்வி. அதை அங்கே வாழ்பவர்கள் சொல்லட்டும். இரண்டையும் கலந்ததால் நாசமான ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். மடிக்கணினியோடு வந்தவர்கள் இரண்டையும் தாங்களே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். திரையில் வண்ண வண்ணமாக விடை வந்தது. ஒரு அக்கா எழுந்து, "தம்பி, இதில் நாங்கள் சொன்னது எது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் டீ மட்டும்தான் பரிமாறப்பட்டது.

ஓடையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. நீர் ஒரு தகரத் தகட்டின் மேல் ஒன்றாக விழும்படி சின்னத் தடுப்பு வைத்து, 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். புல்லுக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சரிவில் பல இடங்களில் வைத்து, அதற்குள் எத்தனை பங்கு உள்ளூர்ப் புல், எத்தனை பங்கு சீகைக்கன்று என்று எண்ணுங்கள். முதுவர் பெண்களுக்குப் புல்லின் பெயர்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வெளி ஆய்வுகளைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். நீலகிரியில் கிளென்மார்கன் நீர்ப்பிடிப்பில் புல்வெளியில் தைலமரம் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அங்கே நட்டது நீலகிரித் தைலமரம். இங்கே நிற்பது கிராண்டிஸும் சீகையும். மழையளவும் வேறு. திசையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 16 என்ற எண்ணை எடுத்து நம் தாளில் ஒட்டக் கூடாது.

அளந்ததை 0 முதல் 100 வரை மாற்றுங்கள். நம் வழிகளுக்குள் மிக மோசமானதற்கு 0, மிகச் சிறந்ததற்கு 100, மற்றவை இடையில்.

| வழி | நீர் | புல்வெளி | வேலை | தீப் பாதுகாப்பு |
|---|---|---|---|---|
| அ. சுழற்சி | 0 | 0 | 50 | 60 |
| ஆ. ஒரே பருவம் | 100 | 60 | 30 | 0 |
| இ. ஐந்தாண்டு | 60 | 100 | 100 | 100 |
| ஈ. விட்டுவிடுவது | 20 | 20 | 0 | 30 |

ஆ வழிக்கு நீரில் 100 வந்தது, மூன்றாம் ஆண்டுக்குள் எல்லா மரமும் போய்விடும் என்பதால். தீயில் 0 வந்தது, அத்தனை கிளையும் ஒரே கோடையில் காயும் என்பதால்.

படி 6: எடை

"நீர் முக்கியமா, வேலை முக்கியமா?" இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நீர் இல்லாமல் யார் உயிர்வாழ்வது? ஆனால் நம் நான்கு வழிகளுக்குள் நீர் சிறிதளவே மாறுகிறது என்றால், இந்த முடிவில் நீருக்கு அவ்வளவு எடை இருக்கக் கூடாது. சரியான கேள்வி இது: "ஓடை மோசமான நிலையிலிருந்து நல்ல நிலைக்குப் போவது ஒரு பக்கம், வேலைநாள் குறைந்த நிலையிலிருந்து நிறைந்த நிலைக்குப் போவது மறுபக்கம். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பீர்கள்? அது மற்றதைப் போல எத்தனை மடங்கு?" இரண்டு நிலைகளையும் எண்ணோடு சொல்லுங்கள். வாளி நிறைய 40 நொடியா, 15 நொடியா என்று சொன்னால் மக்களுக்கு உடனே புரியும்.

சாட்டியின் அளவு 1 முதல் 9 வரை. 1 என்றால் சமம், 3 என்றால் ஓரளவு கூடுதல், 5 வலுவாக, 7 மிக வலுவாக, 9 உச்சம். இடையில் 2, 4, 6, 8. தலைகீழாக இருந்தால் பின்னம். நீர் வேலையைப் போல 2 என்றால், வேலைக்கு நீரோடு ஒப்பிட 1/2. நான்கு அளவுகோலுக்கு ஆறு கேள்விகள் போதும். எட்டு அளவுகோல் வைத்தால் இருபத்தெட்டு. பத்தாவது கேள்விக்கு மேல் யாரும் யோசித்துச் சொல்வதில்லை, மதியச் சோறு எப்போது என்பதைத் தவிர.

ஒரு குழு சொன்னது இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

| | நீர் | புல்வெளி | வேலை | தீ |
|---|---|---|---|---|
| நீர் | 1 | 3 | 2 | 4 |
| புல்வெளி | 1/3 | 1 | 1/2 | 2 |
| வேலை | 1/2 | 2 | 1 | 3 |
| தீ | 1/4 | 1/2 | 1/3 | 1 |

ஒவ்வொரு வரிசையையும் பெருக்குங்கள். நீர் வரிசை 1 × 3 × 2 × 4 = 24. நான்கு எண்கள் என்பதால் நான்காம் மூலம் வேண்டும். சாதாரணக் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் வந்துவிடும்: 2.213. இப்படியே புல்வெளிக்கு 0.760, வேலைக்கு 1.316, தீக்கு 0.452. கூட்டினால் 4.741. ஒவ்வொன்றையும் அதனால் வகுத்தால் எடைகள்: நீர் 0.467, புல்வெளி 0.160, வேலை 0.278, தீ 0.095. நான்கையும் கூட்டினால் 1 வர வேண்டும்.

அடுத்து முரண்பாட்டுச் சோதனை. நீர் வேலையைவிட மேல், வேலை தீயைவிட மேல் என்று சொன்னவர், தீ நீரைவிட மேல் என்றால் எங்கோ குழம்பியிருக்கிறார். இதை எண்ணால் பிடிக்கலாம். நீர் வரிசையின் எண்களை எடைகளோடு பெருக்கிக் கூட்டுங்கள்: 0.467 + 0.480 + 0.556 + 0.380 = 1.883. அதை நீரின் எடையால் வகுத்தால் 4.03. மற்ற மூன்று வரிசைகளுக்கும் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் 4.031. துளிகூட முரண் இல்லாவிட்டால் சரியாக 4 வரும். மிகுதி 0.031ஐ, அளவுகோல் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 3ஆல் வகுத்தால் 0.010. அதை 0.90ஆல் வகுத்தால் 0.011. நான்கு அளவுகோலுக்குச் சாட்டி தந்த ஒப்பீட்டு எண் 0.90, மூன்றுக்கு 0.58, ஐந்துக்கு 1.12, ஆறுக்கு 1.24. விடை 0.10ஐத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது அவர் வைத்த வரம்பு. நம் குழு தெளிவாகவே பேசியிருக்கிறது.

தாண்டினால்? எந்தக் கேள்வியில் இடறியது என்று பார்த்து, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். கணினியில் உட்கார்ந்திருப்பவர் தாமாக எண்ணைத் "திருத்துவது" திருட்டுக்குச் சமம். சில சமயம் மக்கள் சொன்னதே சரியாக இருக்கும். நாம் கேட்ட விதம்தான் தப்பு.

எண் பயம் உள்ள கூட்டத்தில் பின்னங்களை மறந்துவிட்டு நூறு பீன்ஸ் விதைகளைக் கொடுங்கள். நான்கு தட்டுகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். தட்டில் விழுந்த எண்ணிக்கையே எடை. முரண்பாட்டுச் சோதனை இதில் கிடையாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் கையால் தன் முடிவைப் போடுவார். போட்ட பிறகு மாற்றிப் போடுவார். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

பல பேரின் எண்களைச் சேர்க்கும்போது சாதாரணச் சராசரி ஏமாற்றும். ஒருவர் நீர் வேலையைப் போல 4 என்கிறார், இன்னொருவர் 1/4 என்கிறார். சாதாரணச் சராசரி 2.125, நீருக்குச் சாய்ந்துவிட்டது. நியாயமாகச் சமமாக அல்லவா வர வேண்டும்? இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும். இந்தப் பெருக்கல் சராசரியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அறையில் ஒருவர்கூட "சமம்" என்று சொல்லவில்லை, தாளில் மட்டும் சமம் என்று வந்திருக்கிறது. அதனால் முதலில் குழுக்களைத் தனித்தனியே வைத்துக் கணக்குப் போடுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்.

படி 7: கூட்டல், பிறகு உலுக்கல்

மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால்: அ 19.6, ஆ 64.6, இ 81.3, ஈ 15.4. ஐந்தாண்டு வழி முன்னால் நிற்கிறது. இங்கேயே நிறுத்திக் கைதட்டிவிடும் கூட்டங்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். விடையைப் பிடித்து உலுக்குங்கள்.

முதல் உலுக்கல் மதிப்பெண்ணில். இ வழியின் நீர் மதிப்பெண் 60 என்று போட்டோம். அது தப்பாகி 40 என்றே இருந்தாலும் இ 72 பெறும். ஆ வழியின் 64.6ஐவிட அப்போதும் மேல். அந்த எண்ணைப் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை.

இரண்டாவது உலுக்கல் எடையில். மற்ற மூன்றின் விகிதத்தை மாற்றாமல் நீரின் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். 0.62ஐத் தாண்டியதும் ஆ முந்துகிறது. கீழே அமராவதிப் பாசனத்தை நம்பியிருப்பவருக்கு நீரின் எடை 0.70 என்று வையுங்கள். அப்போது ஆ 80.1, இ 72.0. ஒரே மலை, ஒரே மதிப்பெண், ஆள் மாறியதும் விடை மாறிவிட்டது. சண்டை தண்ணீர் வருமா வராதா என்பதில் இல்லை, அது யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் என்று இப்போது தெரிகிறது. எந்தக் கருத்தரங்கும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

படி 8: புதிய வழியைச் செய்வது

என் கணக்கில் இந்த முறையின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் வருகிறது. ஆ வழியில் எது பிடித்தது? சீக்கிரம் தண்ணீர். எது பிடிக்கவில்லை? காய்ந்த கிளை, குறைந்த வேலை. போதாததற்குச் செங்குத்துச் சரிவில் ஒரே பருவத்தில் வேரோடு பிடுங்கினால் வடகிழக்குப் பருவமழையில் மண் ஓடைக்கு வரும். இது படி 4இல் போட்ட எல்லைக்கோட்டை மீறுகிறது. அப்படியானால் மென்சரிவான 40 ஹெக்டேரை முதல் பருவத்தில் அகற்றி, கிளைகளை ஊருக்கு விறகாகக் கொடுத்துவிட்டு, செங்குத்தான 60 ஹெக்டேரைப் பட்டை பட்டையாகக் கைவேலையில் செய்தால்? இது உ வழி. நீர் 80, புல்வெளி 85, வேலை 75, தீ 60 என்று மதிப்பிட்டால், ஊரின் எடைகளில் 77.5, கீழ்ப்பாசனத்தின் எடைகளில் 78.6.

ஊருக்கு அது இரண்டாவது. முதலாவதைவிட நான்கு மதிப்பெண்தான் குறைவு. கீழே இருப்பவருக்கும் இரண்டாவது. ஒன்றரை மதிப்பெண் குறைவு. தத்தம் முதல் வழியைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதற்குப் பதில், இருவரும் உட்கார்ந்து பேச ஒரு தாள் கிடைத்துவிட்டது.

புதிய வழியைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. அதன் மதிப்பெண்கள் பழைய 0க்கும் 100க்கும் இடையில் இருக்கும்வரை கவலையில்லை. வெளியே போனால் அளவையே மாற்றி, எடைகளையும் திரும்பக் கேட்க வேண்டும். ஏ.எச்.பி.யில் மதிப்பெண்களையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் போட்டால், புதிதாக ஒரு வழியைச் சேர்த்த காரணத்தால் பழைய இரண்டின் வரிசை தலைகீழாகலாம். பெல்ட்டனும் கியரும் 1983இல் இதை எடுத்துக்காட்டினார்கள். எடைக்கு மட்டும் இரட்டை ஒப்பீடு, மதிப்பெண்ணுக்கு அளந்த எண் என்று நான் பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாப்சிஸ், பிரோமெத்தே என்று மற்ற முறைகளையும் ஓட்டிப் பார்க்கலாமா? மாணவர்கள் ஓட்டட்டும். ஊர்க் கூட்டத்தில் விளக்க முடியாத முறையை ஊர் முடிவுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. மென்பொருளும் அப்படியே, இலவச விரிதாள் ஒன்று போதும், அதில் பெருக்கல் சராசரிக்கு ஆயத்த வாய்ப்பாடு இருக்கிறது.

படி 9: செலவும் பதிவும்

இப்போது செலவை எடுங்கள். இ, உ இரண்டுக்கும் வனத்துறைக் கூலி விகிதப்படி மதிப்பீடு போடச் சொல்லுங்கள். கன்று பிடுங்கும் பின்னாண்டுச் செலவை விட்டுவிட்டு மதிப்பீடு தருவது வழக்கமாக நடப்பது. அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு நான்கு தாள்கள்: மாற்று வழிகள், மதிப்பெண்களும் அவை வந்த விதமும், குழுவாரியான எடைகள், உலுக்கிப் பார்த்ததில் விடை மாறிய இடங்கள். தமிழிலும் மலையாளத்திலும். இங்கே பேச்சு தமிழ், கோப்பு மலையாளம் என்பதால் ஒன்றை விட்டாலும் யாரோ ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்கு மேல், ஒப்புக்கொள்ளாதவர்களின் காரணத்துக்கும் ஓர் இடம் விடுங்கள். ஒரு பிரதி ரேஞ்ச் அலுவலகத்துக்கு, ஒன்று பஞ்சாயத்துக்கு, ஒன்று குடியின் தலைவரான காணியிடம், ஒன்று கோவிலூர் டீக்கடைச் சுவரில்.

வாளியையும் கடிகாரத்தையும் யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள். மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் ஓடையை அளந்த எண் வரும்போது, அதே தாளில் நீர் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, கூட்டலை மறுபடி போட வேண்டும்.